இருமொழித் தெருவில் எழுத்தின் வடிவம்: சாலைக் கடைத்தெருவை முன்வைத்துச் சில திறனாய்வுக் குறிப்புகள்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டை தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் கடைத்தெருவைத் தமிழர் ‘சாலை’ என்பர். மலையாளிகள் ‘சால’ என்பர். மலை ‘மல’ என்றும் தலை ‘தல’ என்றும் வழங்குவதுபோல, தமிழின் ஈற்று ஐகாரம் மலையாளத்தில் அகரமாக நிற்பது மொழியியலார் நன்கறிந்த செய்தி. ஈற்றில் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையளவே ஒலிக்கும் என்பது நம் இலக்கண நூலார் கொள்கையாதலின், ஒலியளவில் இவ்விரு சொற்களும் ஏறத்தாழ ஒன்றே எனலாம். எழுத்தின் வடிவிலோ நிலைமை வேறு. மலையாளத்தில் இச்சொல்லை எழுத மூன்று உருக்கள் போதும். தமிழில் இன்று நான்கு உருக்கள் வேண்டும்: சகரம், துணைக்கால், இணைக்கொம்பு, லகரம். இந்நான்கனுள் இணைக்கொம்பு லகரத்துக்குப் பின் ஒலிப்பது. ஆயினும் அதற்கு முன் நிற்பது. 1978-க்கு முற்பட்ட அச்சில் இதே சொல் தமிழிலும் மூன்று உருக்களாலேயே அமைந்திருந்தது. அன்றைய ‘லை’ முன்புறம் யானைத் தும்பிக்கைபோல் வளைந்த கோட்டுடன் பிரிக்கவொண்ணாத ஒரே உருவாக இருந்தமையே அதற்குக் காரணம்.

ஒரு தெருவின் பெயரை எழுதுவதில் உள்ள இச்சிறு வேறுபாட்டில், தமிழ் எழுத்துக்கலை கடந்த அரை நூற்றாண்டில் எதிர்கொண்ட சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. எழுத்தை வரைவோன் தனியெழுத்தை வரைகிறானா, எழுத்துகளுக்கு இடையிலான உறவை வரைகிறானா என்பதே அச்சிக்கல். தமிழில் சோதனை முயற்சி என்று பாராட்டப்பெற்றவை பெரும்பாலும் முதல் வகையின. இரண்டாம் வகை முயற்சி எங்கு இன்றியமையாததோ அங்கு, அதாவது இரு மொழியெழுத்துகள் ஒரே பலகையிலும் ஒரே சுவரொட்டியிலும் அடுத்தடுத்து நிற்கும் சாலை போன்ற இடங்களில், அது இன்னும் தொடங்கப்படவே இல்லை.

சாலையும் அதன் எழுத்துகளும்

‘சாலை’ என்னும் சொல் இவ்வட்டாரத்தில் வழியை மட்டும் குறித்ததன்று. காந்தளூர்ச் சாலை என்னும் பெயர் முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தியால் வரலாற்றறிஞர் பலரின் வாதத்துக்கு இடமானது. அக்காந்தளூரைத் திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியோடு இணைத்துக் காண்போர் உளர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் நிறுவிய பார்த்திவசேகரபுரத்துச் சாலை காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்க்கு இடமளித்தமையை அவனது செப்பேடு கூறுகிறது. அங்குச் சாலை என்பது கல்விக்கூடம். அச்செப்பேட்டின் மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. சோழராட்சிக்குப் பின் பாண்டிய நாட்டில் வட்டெழுத்து வழக்கொழிந்தது. தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் அது மலையாண்மை என்னும் வடிவெடுத்துப் பல நூற்றாண்டுகள் நின்றது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலக ஆவணங்களில் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, கிரந்தம் ஆகியன கலந்து கிடக்கின்றன. இன்று மலையாளம் எழுதப் பயன்படும் எழுத்து கிரந்த வழிப்பட்டது. ஆக, ஒரு மொழிக்கு ஒரே எழுத்து என்னும் இன்றைய எண்ணம் இந்நகரைப் பொறுத்தவரை மிகப் பிந்தியதாகும்.

அச்சு வரலாற்றிலும் இவ்வட்டாரத்துக்கு ஓர் இடமுண்டு. சாலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவிலுள்ள கொல்லத்தில் 1578 அக்டோபரில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. அண்டிரிக் அடிகளார் என நம்மவர் அழைக்கும் என்றீக்கே என்றீக்கசு உருவாக்கிய 16 பக்கச் சிறுநூல் அது. இந்திய எழுத்துகளில் அச்சான முதல் நூல் என்ற வகையில் அதனைப் பலரும் போற்றுவர். எழுத்துக்கலை நோக்கில் அதன் இறுதிப் பக்கமே பெரிதும் கருதத்தக்கது. 1577-இல் கோவாவில் வார்த்த எழுத்துகளும் 1578-இல் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளும் அங்கு அடுத்தடுத்துக் காட்டப்பட்டுள்ளன. நூலின் பொருளோடு எவ்வகைத் தொடர்புமின்றி, எழுத்தின் வடிவம் எவ்வாறு மாறிற்று என்பதை மட்டும் காட்டுவதற்கெனத் தமிழில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டது அதுவே முதன்முறை. மலையாள மண்ணில் அது நிகழ்ந்தது என்பது தற்செயலேயாயினும் மறக்கத்தக்கதன்று.

கடைத்தெருவாகிய சாலையை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாசர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான இச்சந்தையில் தமிழ் வணிகர் தொடக்கமுதலே பெரும்பங்கு கொண்டிருந்தனர். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தவரை சாலையில் தமிழ் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் அரசியல் எல்லை என ஒன்றில்லை. 1956 நவம்பர் 1-இல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, சாலைத் தமிழர் எல்லைக்கு இப்பால் நின்றனர். ‘தினமலர்’ நாளிதழின் வரலாறு இம்மாற்றத்தைச் சுருங்கக் காட்டும். 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற அது 1957-இல் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. நாளிதழ் இடம்பெயரலாம், கடை இடம்பெயராது. கடையின் முகப்பில் இருந்த எழுத்தும் அங்கேயே நின்றது.

இரண்டு ஆணைகள்

எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்கள் தமிழில் பெரிதும் கொள்கைச் சார்பாகவே நிகழ்ந்துள்ளன. பெரியார் 1935-இல் ‘குடிஅரசு’ இதழில் மேற்கொண்ட மாற்றங்களுள் பலவற்றைத் தமிழ்நாட்டரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணா, றா, னா முதலான ஆகார வரிசையும், ணொ, றோ, னோ முதலான ஒகர ஓகார வரிசையும், ணை, லை, ளை, னை என்னும் ஐகார வரிசையும் ஆக 13 எழுத்துகள் வடிவம் மாறின. ‘அய்’, ‘அவ்’ என எழுதும் மாற்றம் ஏற்கப்படவில்லை. இதற்கு ஏழாண்டு முன்னர், 1971 ஏப்ரல் 15-இல், கேரள அரசு மலையாளத்துக்குப் புதிய லிபியை நடைமுறைப்படுத்தியது. சூரநாட்டுக் குஞ்ஞன் பிள்ளை தலைமையிலான குழுவின் பரிந்துரை அதற்கு அடிப்படை. அதற்குமுன் மெய்யோடு ஒட்டி ஒரே உருவாக நின்ற உகர ஊகாரக் குறிகள் பிரித்தெடுக்கப்பட்டன. கூட்டெழுத்துகள் பல உடைக்கப்பட்டுச் சந்திரக்கலையிட்டு எழுதப்பட்டன. ஏறத்தாழ 900 அச்சு வடிவங்கள் தேவைப்பட்ட இடத்தில் 90 அளவே போதும் என்ற நிலை வந்தது.

இரண்டு சீர்திருத்தங்களுக்கும் பின்னிருந்த கொள்கைகள் வெவ்வேறு. தமிழில் சமூகச் சீர்திருத்தமும் எளிமையும் முன்னின்றன. மலையாளத்தில் தட்டச்சுப்பொறியும் அச்சுக்கோப்பும் முன்னின்றன. ஆயினும் எழுத்தை வரைவோன் கண்ணுக்கு இரண்டும் ஒரே செயலையே செய்தன. ஒட்டியிருந்ததைப் பிரித்தன. சேர்ந்து ஒரே உருவாக நின்ற எழுத்து, பொறிக்கு எளிதான தனித்தனி உறுப்புகளாயிற்று. தும்பிக்கை லகரத்தினின்று கழன்று கொம்பாயிற்று. இதை இழப்பு என்றோ பேறு என்றோ ஒரே சொல்லில் முடிப்பது ஆய்வாகாது. படிப்பவனுக்கும் கற்பவனுக்கும் பேறு என்பதில் ஐயமில்லை. வரைபவனுக்கு ஒரு பொறுப்பு கூடிற்று. முன்பு எழுத்தின் அமைப்பே செய்துகொடுத்த இணைப்பை இனி அவன்தான் இடைவெளியாலும் கோட்டின் திசையாலும் செய்தாக வேண்டும்.

இவண் ஒன்று நோக்கத்தக்கது. தமிழ்நாட்டரசின் ஆணை செல்லும் எல்லைக்குள் சாலை இல்லை. கேரள அரசின் ஆணை மலையாள எழுத்தைப் பற்றியது. தமிழ் எழுத்தைப் பற்றியதன்று. எனவே சாலையின் தமிழ் எழுத்தைத் திருத்தும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருந்ததில்லை. நாளிதழும் நாட்காட்டியும் பாடநூலும் கொணர்ந்த புதுவடிவம் அங்கு வழக்காகவே பரவியதாதல் வேண்டும். பெயர்ப்பலகை எழுதுவோனின் தூரிகைக்கு அச்சுக்கட்டைகளின் எண்ணிக்கை ஒரு பொருட்டன்று. தும்பிக்கை ‘லை’யை வளைப்பதும் இணைக்கொம்பை இடுவதும் அவனுக்கு ஒரே உழைப்புதான். எதை வரைவது என்பதைப் பலகையின் அகலமே முடிவு செய்யும். குறுகிய பலகைக்குப் பழைய வடிவம் இடத்தை மிச்சப்படுத்தும். அகன்ற பலகையில் இணைக்கொம்பின் இரு சுழிகள் நிறைவு தரும். அரசாணையாலும் அச்சாலும் ஒன்றுபடுத்தப்படாத கைத்தொழிலில் எழுத்தின் வடிவம் இத்தகைய தேவைகளுக்கு இணங்கி நெகிழ்ந்திருந்தது. ஆய்வாளர் இதனைப் ‘பிழை’ என்று ஒதுக்குவதினும் சோதனை என்று கொள்வதே பொருந்தும். வீரமாமுனிவர் காலத்து எகர ஏகார வேறுபாட்டுக் குறி கூட ஒருகாலத்துச் சோதனைதான். இன்று அது இயல்பென நிற்கிறது.

ஓவியர் கையில் எழுத்து

தமிழில் எழுத்தைக் காட்சியாக்கும் மரபு புதிதன்று என்று கூறி, நாகபந்தம், இரதபந்தம் முதலிய சித்திரகவிகளைச் சான்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. மேலைநாட்டுக் காட்சிக் கவிதை இயக்கத்துக்கு முன்னோடி நம்மிடம் உண்டு என்று பெருமை கொள்வதும் அவ்வழக்கின் பகுதி. இக்கருத்தை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். தண்டியலங்காரமும் மாறனலங்காரமும் விளக்கும் சித்திரகவியில் எழுத்து ஓர் எண்ணிக்கை அலகு மட்டுமே. பாம்பின் உடல் பின்னிச் சந்திக்குமிடத்தில் ஒரே எழுத்து இரு அடிக்கும் பொதுவாக நிற்க வேண்டும் என்பதே அங்கு விதி. அந்த எழுத்து தடித்திருந்தாலென்ன, மெலிந்திருந்தாலென்ன, வட்டெழுத்தாயினென்ன, பந்தம் கெடாது. எழுத்தின் உருவமே பொருளாகும் நிலை அங்கில்லை. 1918-இல் அப்பொலினேர் வெளியிட்ட வடிவக் கவிதைகளும் 1950-களில் சுவிட்சர்லாந்திலும் பிரேசிலிலும் தோன்றிய காட்சிக் கவிதைகளும் அச்செழுத்தின் தடிப்பு, அளவு, வெற்றிடம் ஆகியவற்றையே மொழியாக்கின. இரண்டும் வெவ்வேறு கலைகள்.

தமிழ்ப் புதுக்கவிதையும் இவ்வகையில் தயக்கம் காட்டிற்று. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 1968-இல் ‘குருக்ஷேத்திரம்’ தொகுதியை வெளிக்கொணர்ந்த நகுலன் வரியைத் துணிவதிலும் பக்கத்தில் வெற்றிடம் விடுவதிலும் காட்டிய துணிவு பெரிது. எனினும் அவர் கவிதை எந்த எழுத்துருவில் அச்சானாலும் அதே கவிதைதான். வரி சோதனைக்குள்ளானது, எழுத்து ஆகவில்லை.

எழுத்தின் உருவத்தைத் தொட்டவர்கள் ஓவியர்களே. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாகக் காரணமான கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையை வரைந்தார். மலையாள எழுத்தின் சாயல் கொண்ட கோடுகள், கணிதக் குறிகள், சாதகக் கட்டங்கள் ஆகியன அவற்றில் நெருக்கமாகப் பரவியிருக்கும். அவர் ஓவியங்களுக்கெனத் தனிக் காட்சிக்கூடம் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் உள்ளது. சாலையிலிருந்து வடக்கே சில கி.மீ. தொலைவுதான். அவ்வோவியங்களின் முன் நிற்கும் மலையாளி அவற்றைப் படிக்க முயன்று தோற்பான். அத்தோல்வியே ஓவியரின் நோக்கம். எழுத்து பொருளை இழந்து வடிவமாக எஞ்சுகிறது. ஓவியமாக இது பெருஞ்சாதனை. எழுத்துக்கலைக்கு இதனால் விளைந்தது என்ன என்று கேட்டால், விடை அத்துணை உறுதியாக இல்லை. படிக்க முடியாத எழுத்தைச் சுவரில் மாட்டலாம், சுவரில் ஒட்டவியலாது. நடந்துகொண்டே பார்க்கும் ஒருவன் சில நொடிகளில் படித்துப் பொருள் கொள்ளவேண்டும் என்ற கட்டாயமே சுவரொட்டியின் இலக்கணம்.

பணிக்கர் முதல்வராக இருந்த கல்லூரியில் பயின்ற கே.எம். ஆதிமூலம் (1938–2008) எதிர்த்திசையில் சென்றார். அவர் தமிழ் எழுத்தைப் படிக்கத்தக்கதாகவே வைத்துக்கொண்டு, அச்சின் ஒழுங்கை மட்டும் கைவிட்டார். சிறுபத்திரிகைகளின் பெயரெழுத்துகளிலும் நூல் முகப்புகளிலும் அவர் கோட்டோவியத்தின் விசையை எழுத்துக்குக் கொணர்ந்தார். தூரிகை எங்குத் தொடங்கியது, எங்கு அழுந்தியது, எங்கு உலர்ந்தது என்பது எழுத்திலேயே தெரிந்தது. தமிழ் எழுத்துக்குத் தனியாளுமை உண்டு என்பதைப் படிப்போர் கண்டுகொண்டது அவர் வழியாகவே எனல் மிகையன்று. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த கோட்டோவியங்கள் ‘ஜூனியர் விகடன்’ மூலம் பெருந்திரளான வாசகரை எட்டின.

ஆயினும் ஆதிமூலத்தின் எழுத்தில் ஒரு வரம்பு உண்டு. அவரைப் பின்பற்றியோர் அதனைக் குறையாகவே வளர்த்துவிட்டனர். அவர் எழுத்து தனியெழுத்தின் எழுத்து. நான்கைந்து எழுத்துகள் கொண்ட தலைப்பில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிற்பம்போல் நிற்கும். அதே முறையில் பத்துச் சொல் கொண்ட ஓர் அறிவிப்பை எழுதினால், எழுத்துகள் ஒன்றையொன்று முந்திக்கொள்ளும், வரி அமையாது. சுவரொட்டியில் தலைப்பு ஒரு பகுதிதான். நாள், இடம், நேரம், பேசுவோர் பெயர் ஆகியவற்றையும் அது தாங்க வேண்டும். பின்வந்தோர் தலைப்பை ஆதிமூலம் பாணியில் எழுதிவிட்டு, எஞ்சியதைக் கணினியில் கிடைத்த ஏதேனும் ஓர் எழுத்துருவில் நிரப்பினர். தலைப்பும் உடலும் இரு வேறு கைகளால் ஆனவை என்பது பத்தடி தொலைவிலேயே தெரியும். புள்ளியை நட்சத்திரமாகவும் இதயமாகவும் மாற்றும் பழக்கமும் இக்காலத்ததே. அதனைச் சோதனை என்பதினும் அணிகலன் என்பதே தகும். புள்ளியின் இடமும் அளவும் மாறாமல் அதன் உரு மட்டும் மாறினால் எழுத்தின் அமைப்பில் எதுவும் நிகழ்வதில்லை.

மலையாளத்தின் மறுவரவு

அண்டை மொழியில் நிகழ்ந்தது முற்றிலும் வேறு. 1999-இல் ‘ரசனா’ இயக்கம் மலையாளத்தின் பழைய லிபியைக் கணினிக்குக் கொணர்ந்தது. அதன் முன்னோடி ஆர். சித்ரஜகுமார் கேரளப் பல்கலைக்கழக மலையாளப் பேரகராதித் துறையில் பணியாற்றியவர். எழுத்துருவை வடிவமைத்தவர் கே.எச். ஹுசைன். தட்டச்சுப்பொறிக்காக உடைத்த எழுத்தை, அப்பொறியே வழக்கொழிந்த பின்னும் உடைந்தவாறே வைத்திருப்பானேன் என்பதே அவர்கள் வாதம். கணினிக்கு 90 வடிவமும் ஒன்றே, 900 வடிவமும் ஒன்றே. சீர்திருத்தக் குழுவின் தலைவரும் மலையாளப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தவரே. கட்டுடைத்ததும் கட்டியதும் ஒரே துறையைச் சார்ந்தோர் என்பது இந்நகரின் சுவையான முரண்.

தமிழில் இத்தகைய மீட்பியக்கம் தோன்றாததற்குப் பெரியாரின் பெயர் மட்டும் காரணமன்று. 13 எழுத்துகளின் மாற்றம் தமிழ்ப் பக்கத்தின் முகத்தை மாற்றவில்லை; மலையாளப் பக்கத்தின் முகமோ அடியோடு மாறிவிட்டது. இழப்பு பெரிதாயிருந்த இடத்தில் ஆராய்ச்சியும் பெரிதாயிற்று. எழுத்து எவ்வாறு எழுத்தோடு ஒட்டுகிறது, எங்குக் கீழிறங்குகிறது, எங்குக் கோடு பகிர்கிறது என்பன மலையாள எழுத்துரு வல்லுநர்க்கு அன்றாடக் கேள்விகளாயின. தமிழ் எழுத்துரு வல்லுநர் அக்காலத்தே குறியேற்றம் பற்றிய சிக்கலில் ஆழ்ந்திருந்தனர். திஸ்கி, 1999-இன் தாம், தாப் தரங்கள், ஒருங்குறி என அவ்விவாதம் நீண்டது. அது இன்றியமையாததே. எனினும் எழுத்தின் எண் பற்றிப் பேசிய நேரத்தில் எழுத்தின் உரு பற்றிப் பேசியவர் மிகச் சிலர்.

மலையாளக் கையெழுத்துக் கலையும் இதனால் வளம் பெற்றது. திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த ‘கலாகௌமுதி’ வார இதழின் தலைப்புகளை வரைந்து பெயர்பெற்ற நாராயண பட்டதிரி இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். சொல்லின் பொருளுக்கேற்ப எழுத்தின் இயல்பை மாற்றுவது அவர் முறை. பொருளை எழுத்தில் நடிக்கவைக்கும் இம்முறை எளிதில் மலினப்படக்கூடியது: மழை என்றால் துளி, தீ என்றால் நாக்கு எனப் போகும் ஆபத்து அதற்குண்டு. பட்டதிரியின் சிறந்த தலைப்புகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. சொல் முழுவதும் ஒரே கோட்டியக்கமாக நிற்பதே காரணம். அவர் நிறுவிய அமைப்பின் பெயர் ‘கசடதப’ என்னும் ஐந்து வல்லெழுத்துகள். கேரளத்தின் பன்னாட்டுக் கையெழுத்துக் கலைவிழாவை 2023-இல் கொச்சியில் நடத்தியது அவ்வமைப்பே. 1970-இல் சென்னையில் தோன்றிய ‘கசடதபற’ இதழ் தமிழ் வாசகர்க்கு உடனே நினைவு வரும். ஒற்றை றகரமே வேறுபாடு. ஆனால் தமிழ் இதழ் வல்லினத்தை ஒலியாகக் கொண்டது, மலையாள அமைப்பு வல்லெழுத்தை உருவாகக் கொண்டது.

பலகையும் சுவரொட்டியும்

சாலையின் இருமொழிப் பலகைக்கு இவ்விரு மரபுகளும் இதுவரை பயன்படவில்லை என்பதே இங்குச் சொல்ல வேண்டிய குறை. தூரிகையின் இடத்தை நெகிழித் துணி அச்சு பிடித்தபின், வரைவோன் இருந்த இடத்தில் கணினிக் கடை வந்தது. 2019-இல் கேரள அரசு பி.வி.சி. ஃபிளெக்ஸ் பலகைகளைத் தடை செய்தது. பலகையின் பொருள் மாறிற்று, எழுத்துரு மாறவில்லை. மலையாள வரியை ஒரு தொகுப்பிலிருந்தும் தமிழ் வரியை வேறொரு தொகுப்பிலிருந்தும் எடுத்து ஒரே புள்ளியளவில் வைத்துவிட்டால் இருமொழிப் பலகை ஆயிற்று என்று கருதப்படுகிறது. அவ்வாறு வைக்கும்போது தமிழ் எப்போதும் சிறுத்தும் மெலிந்தும் தோன்றும். இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. மலையாள எழுத்து அகன்று உருண்டது. பெஞ்சமின் பெய்லி 19-ஆம் நூற்றாண்டில் கோட்டயத்தில் வார்த்த உருண்டை வடிவமே அதன் அச்சு மரபாயிற்று. தமிழ் எழுத்தில் நேர்க்கோடும் கிடைக்கோடும் மிகுதி. ‘ட’, ‘ப’, ‘ம’, துணைக்கால் ஆகியன வெண்மையை மிகுவிப்பன. ஒரே அளவில் வைத்தால் உருண்டை கனக்கும், கட்டம் வெளிறும்.

இதனினும் நுட்பமானது வரிகளின் மோதல். தமிழ் எழுத்து பெரிதும் மேல்நோக்கி வளர்வது. புள்ளியும் இகர ஈகார விலங்குகளும் தலைக்கு மேல் நிற்பன. ரகரத்தின் கால், ழகரத்தின் வால், உகர வடிவங்கள் சில முதலியன கீழிறங்குவன. மலையாளத்தின் பழைய லிபியோ கீழ்நோக்கி வளர்வது; கூட்டெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பெறும். மேலே மலையாளம், கீழே தமிழ் என்பதே கேரளத்தில் இயல்பான வரிசை. அவ்வரிசையில் மேல்வரியின் அடுக்கும் கீழ்வரியின் புள்ளியும் ஒரே இடைவெளிக்குப் போட்டியிடும். 1971-இன் புதிய லிபி அடுக்குகளை அகற்றி இவ்விடைவெளியை எதிர்பாராத வகையில் தமிழுக்கு விட்டுக்கொடுத்தது. ரசனா வழிப்பட்ட எழுத்துருக்களின் வருகையால் அது மீண்டும் நெருக்கடிக்கு உள்ளாகும். அண்டை மொழியின் மீட்பு தமிழ் வரியின் புள்ளிமேல் வந்து அமர்கிறது. இச்சிக்கலை வரி இடைவெளியைக் கூட்டித் தீர்க்கலாம் என்பர். பலகையின் உயரம் கூடாதபோது இடைவெளியைக் கூட்டினால் சிறுப்பது கீழ்வரியின் எழுத்துதான்.

ஒரு சிறுபான்மை மொழியின் எழுத்து தெருவில் எவ்வாறு தோன்றுகிறது என்பது அழகியல் வினா மட்டுமன்று. சாலையில் தமிழ் படிக்கத் தெரிந்த இளைய தலைமுறை குறைந்துவரும் சூழலில், தமிழ் வரி படிப்பதற்கன்றிக் குடிவழி அடையாளமாக மட்டும் பலகையில் எஞ்சும் நிலை நேரலாம். அப்போது அது பணிக்கரின் ஓவியத்தில் உள்ள எழுத்துபோல் ஆகும். ஓவியரின் நோக்கம் மட்டும் இராது. இதனைத் தடுக்க எழுத்துக்கலையால் மட்டும் இயலாது. ஆயின் வெளிறிச் சிறுத்த எழுத்து அந்நிலையை விரைவுபடுத்தும்.

மொழியளவில் இத்தெருவுக்கு ஏற்ற தீர்வை ஒருவர் கண்டிருக்கிறார். சாலையில் கடை நடத்தியவாறே எழுதிய ஆ. மாதவனின் (1934–2021) கடைத்தெருக் கதைகளில் மலையாளச் சொல் தமிழ் எழுத்தில் அமர்ந்து, தமிழ் உருபேற்று, தமிழ்த் தொடரின் ஓட்டத்தில் தடையின்றி நகரும். இரு மொழியும் அங்கு மேல்வரி கீழ்வரியாக அடுக்கப்படவில்லை. ஒரே வரியில் ஒன்றன் மூச்சை மற்றது வாங்கிக்கொள்கின்றன. 2015-இல் அவர்க்குச் சாகித்திய அகாதெமி விருது ‘இலக்கியச் சுவடுகள்’ என்னும் கட்டுரை நூலுக்காகக் கிடைத்தது. கடைத்தெருக் கதைகளுக்கே கிடைத்திருப்பின் பொருத்தம் கூடியிருக்கும். அவர் உரைநடையில் நிகழ்ந்த அளவு கலப்பும் இணக்கமும் அவர் கடை இருந்த தெருவின் எழுத்தில் நிகழவில்லை.

தொழில்நுட்ப அளவில் ஒரு தொடக்கம் உண்டு. ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழுவினர் ‘மீரா’ என்னும் மலையாள எழுத்துருவை வெளியிட்டதோடு அமையாது, ‘மீரா இனிமை’ என்னும் தமிழ் எழுத்துருவையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டனர். மலையாள எழுத்துருக் குழு ஒன்று தமிழுக்கு எழுத்துரு செய்தது என்பதைத் தமிழ்த்துறையினர் போதிய அளவு கவனிக்கவில்லை. அதன் தமிழ் எழுத்துகள் சிறிய அளவில் நூல் வாசிப்புக்கு இனியவை. பலகையளவில், மலையாள வரியோடு சேர்த்து வைக்கும்போது கனம் ஒத்துவருமா, புள்ளியும் அடுக்கும் மோதுமா என்பனவற்றைப் பலகையிலேயே வைத்துப் பார்த்துத்தான் சொல்ல இயலும். அத்தகைய ஆய்வுக்கு வேண்டிய மூலப்பொருள் தொலைவில் இல்லை. சாலை தொடங்கும் கிழக்கே கோட்டையின் அருகே, கோட்டைப் பகுதி ஆவணக் காப்பக வளாகத்தில், 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. தமிழும் மலையாளமும் ஓலை நறுக்கின் ஒரே அகலத்துக்குள் எழுதப்பெற்ற காலத்தின் ஆவணங்கள் அங்குள்ளன. வரிக்கும் வரிக்கும் இடையே எழுத்தாணி எவ்வளவு இடம் விட்டது, கீழிறங்கும் கோட்டை எங்கு நிறுத்தியது என்பவற்றை அளவுகோல் கொண்டு அளந்துவிடலாம்.